கண்ணு மண்ணு தெரியாம

மணிபாரதி அடிப்பதற்கு முன்னால் அல்லியின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவான். பிடுங்கி எறிய மாட்டான். இரண்டு கையாலும் காதோரத்தில் பிடித்து, முடி சிக்காமல் எடுத்து, கம்பிகளை மடக்கி, டிவி அலமாரியின் மேல்தட்டில் வைப்பான். அதற்குப் பிறகுதான் முதல் அறை விழும்.

கலியாணம் ஆன முதல் வருஷத்தில் ஒருமுறை கண்ணாடியோடு சேர்த்து அறைந்துவிட்டான். சில்லு உடைந்து புருவத்தைக் கிழித்து நாலு தையல் போட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. கிளிஞ்சல்மேட்டில் அவர்கள் குடியிருந்த வரிசையில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவன் அம்மா கமலாம்பாள் குழாயடியில் இதைச் சொல்லித்தான் மகனுக்குப் பரிந்து பேசுவாள். கோபக்காரன்தான், ஆனால் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லை, பொண்டாட்டி கண்ணில் சில்லு குத்திவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் கையை ஓங்குவான் என்பாள். கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களும் தலையாட்டுவார்கள்.

அல்லிக்கு இரண்டு கண்ணிலும் ஐந்தரை பவர். கண்ணாடி போய்விட்டால் ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாம் கலங்கிவிடும். மணிபாரதி ஒரு கறுத்த உருவம், இடுப்புக்குக் கீழே கைலியின் நிறம், அவ்வளவுதான். கை எப்போது எழும்புகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. மூச்சு இழுக்கிற சத்தத்தை வைத்தும் கால் நகர்கிற சத்தத்தை வைத்தும் ஊகித்துத் தலையைத் திருப்புவாள். பாதி நேரம் அடியை நோக்கியே திருப்பிவிடுவாள். ஒருமுறை தப்பித்து ஓடப் பார்த்து நிலைப்படியில் மோதி விழுந்தாள். விழுந்த இடத்திலேயே வைத்து மிதித்தான்.

எல்லாம் முடிந்து அவன் கை காலைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியை எடுத்துச் சட்டைத் துணியில் துடைத்து அவளிடம் கொடுப்பான். அப்போது ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சுதான். "எனக்குக் கோவம் வந்துட்டா கண்ணு மண்ணு தெரியாது அல்லி. நீதான் பாத்துப் பக்குவமா நடந்துக்கணும்." அல்லியும் அதை நம்பினாள். கோபம் என்பது அவனுக்குள் ஏறி வந்து உட்காரும் ஏதோ ஒன்று, அது இறங்கினால் அவன் நல்லவன் என்றுதான் ஆறு வருஷம் நினைத்திருந்தாள்.

அவன் விசைப்படகில் டிரைவர். படகு கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும் மாதங்களில் வீட்டில் இருப்பது வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான். சித்திரை பிறந்து மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் இரண்டு மாதம் கரையிலேயே கிடக்க வேண்டும். காலையில் வலை பின்னும் கொட்டகைக்குப் போவான், வெயில் ஏறியதும் வந்துவிடுவான். சோறு வெந்தது போதாது, குழம்பில் புளி கூடிவிட்டது, ஏலக்காரனிடம் ஏன் சிரித்துப் பேசினாய், இத்தனை வருஷமாகியும் ஏன் வயிறு திறக்கவில்லை. காரணத்துக்குக் குறைவே கிடையாது. அந்த இரண்டு மாதத்தை நினைத்து அல்லி பங்குனிக் கடைசியிலிருந்தே நாள் எண்ணுவாள்.

அவள் மீன் விற்றாள். விடிந்ததும் கரையில், தடைக்காலம் கட்டுப்படுத்தாத சின்ன ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதை ஏலத்தில் எடுத்து, ஐஸ் கட்டையை மரச்சம்மட்டியால் உடைத்துப் பெட்டியில் பரப்பி, மீனை அடுக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தருமபுரத்துக்கு வருவாள். அங்கே நாலைந்து தெரு அவளுக்கு வாடிக்கை. வாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தால் பண்ணா, சங்கரா, கானாங்கெளுத்தி எதுவானாலும் பேச்சு முடிவதற்குள் செதில் எடுத்துத் துண்டு போட்டுவிடுவாள். கண்ணாடிதான் இடைஞ்சல். வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்கும். செதில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். மீன் கையால் தொட முடியாது என்பதால் தோளை உயர்த்தித் தோளாலேயே மேலே தள்ளிக்கொள்வாள்.

ராத்தா என்று, அக்கா முறை வைத்து, அல்லி கூப்பிடும் ஆஸியா பீவி வீட்டில்தான் கடைசியாக உட்காருவாள். அங்கே ஒரு டம்ளர் தண்ணீரும், சில நாள் இறால் வைத்துப் பொரித்த வாடாவும் கிடைக்கும். ஆஸியா பீவியின் மகள் அஃபீஃபா கண் பரிசோதனைப் படிப்புப் படித்துவிட்டுக் காரைக்காலில் ஒரு கண் கிளினிக்கில் வேலை பார்த்தாள். சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் வீட்டில் இருந்தபோது அல்லி பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டாள். கண்ணாடி இல்லாமல் பண்ணிவிடுகிறார்களாமே, அந்த லேசர், அது நிஜந்தானா என்று.

அஃபீஃபா அவள் எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டாள். "லேசர்னா ஒண்ணே ஒண்ணு இல்லக்கா, மூணு நாலு விதம் இருக்கு" என்று தொடங்கினாள். அல்லிக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். ஒரு விதத்தில் கருவிழியின் மேலே மெல்லிய ஏடு போலச் சீவி, முழுக்க எடுத்துவிடாமல் மூடி மாதிரி திறந்து, உள்ளே லேசரால் இழைத்துவிட்டு மூடியைத் திரும்ப மூடிவிடுவார்கள். மறுநாளே பார்வை தெரிந்துவிடும். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். இன்னொன்றில் மூடி கிடையாது, ஓரத்தில் சின்னக் கீறல் போட்டு உள்ளிருந்து ஒரு துணுக்கை உருவி எடுப்பார்கள். மூன்றாவது பழைய முறை. மேல்தோலைச் சுரண்டிவிட்டு லேசர் பாய்ச்சுவார்கள், தோல் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும். நாலைந்து நாள் கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரியும், பார்வை தெளிய ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும். இது எதுவும் ஒத்துவராதவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸை வைத்துவிடுவதும் உண்டு. எது யாருக்கு என்பது கருவிழியின் கனத்தையும் அவரவர் செய்கிற வேலையையும் பொறுத்தது.

அல்லி மீனைத் திருப்பிப் போட்டு வயிற்றைக் கீறினாள். பிறகு கேட்டாள்.

"அந்த மூடி, அது பழையபடி ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்கும். ஆனா முன்ன இருந்த அளவுக்குப் பலம் வராது. ஓங்கி ஒரு அடி பட்டா நகந்துரலாம்."

அஃபீஃபா அவள் புருவத்துத் தழும்பைப் பார்த்தாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த ஆஸியா பீவியும் பார்த்தாள். மீன் துண்டை அலசிச் சட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு அல்லி கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் அஃபீஃபா கூடவே வந்து, பாண்டிச்சேரியில் தான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியின் பெயரையும் ஒரு டாக்டரம்மாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

மணிபாரதியிடம் வியாபாரத்துக்குத்தான் என்று சொன்னாள். வியர்வை, செதில், உப்புக்காற்று என்று அடுக்கினாள். அவன் மறுக்கவில்லை, சந்தோஷமாகக்கூட இருந்தான். கொட்டகையில் அவனைக் கண்ணாடிக்காரி புருஷன் என்றுதான் கேலி செய்வார்கள். தாய்வீட்டில் போட்ட இரண்டு வளையலை விற்றுக்கொள்வதாக அவள் சொன்னதும் செலவுப் பேச்சும் முடிந்துவிட்டது. கண்ணில் மருந்து விடுவார்கள், கூட ஆள் வேண்டும் என்பதால் தானே வருவதாகச் சொன்னான்.

முதல் பஸ்ஸில் போனார்கள். சீர்காழியில் டீ வாங்கி ஆற்றிக் கொடுத்தான். சிதம்பரம் தாண்டி அவள் தூங்கி வழிந்தபோது தோளைக் கொடுத்தான். ஜன்னலோரம் அனல் அடிக்கிறது என்று இடம் மாற்றி உட்கார்ந்தான். பக்கத்து இருக்கைக்காரி அல்லியைப் பார்த்து, கொடுத்து வைத்தவள் என்பது போலச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் மோவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி வளையம் வளையமாக வெளிச்சம் காட்டினார்கள். கருவிழியின் கனத்தை அளந்தார்கள். சொட்டு மருந்து விட்டு அரை மணி உட்கார வைத்தார்கள். பிறகுதான் டாக்டரம்மா கூப்பிட்டார். அல்லியை விட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, கருவிழி கொஞ்சம் மெலிசு, மூடி திறக்கிற முறை வேண்டாம் என்று சொன்னார். அப்புறம் எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா, கர்ப்பமா.

"முகத்துல அடி படுற மாதிரி வேலையோ விளையாட்டோ உண்டா? கபடி, போலீஸ் வேலை, அந்த மாதிரி?"

மணிபாரதி சிரித்துவிட்டான். மீன் விற்கிறவள், அவளுக்கு எங்கே கபடி என்றான்.

"அடி படுங்க" என்றாள் அல்லி.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "எங்க வச்சு?"

"வீட்ல வச்சுங்க."

யோசித்துச் சொன்னது இல்லை. எந்த முறை நல்லது என்று முடிவு செய்வதற்காகக் கேட்கிறார், தப்பாகச் சொன்னால் கண் போய்விடும் என்ற பயத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத்தில் மணிபாரதியின் மூச்சு நின்று, பிறகு நிதானமாக வெளியே போனதை அவள் கேட்டாள். டாக்டரம்மா அவனைப் பார்க்காமலே, கீழே பதிவுச் சீட்டில் ஒரு முத்திரை வாங்கி வரும்படி அனுப்பினார். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

அவர் துருவித் துருவிக் கேட்கவில்லை. தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்று வெகுநேரம் இரண்டு கண்ணையும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார். வலது கண்ணில் உள்திரையின் ஓரத்தில் ஒரு ஓட்டை விழுந்திருப்பதாகவும், இவ்வளவு பவர் உள்ளவர்களுக்கு அந்தத் திரை இயல்பிலேயே மெலிந்திருக்கும் என்றும், அடி விழ விழக் கிழியும் என்றும் சொன்னார். அந்த ஓட்டையைச் சுற்றி இன்றைக்கே வேறொரு லேசரால் அடைத்துவிடலாம். பவரை எடுக்கிற சிகிச்சை ஒரு மாதம் கழித்துத்தான். அதிலும் தோலைச் சுரண்டிச் செய்கிற முறை ஒன்றுதான் அவளுக்குப் பொருந்தும்.

"ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோம்மா. நாங்க என்ன பண்ணாலும் முன்பக்கந்தான் மாறும். பின்னாடி இருக்குற திரை இதேதான். கண்ணாடி இல்லாம எல்லாம் தெரியும், ஆனா அடி தாங்குற கண்ணா அது மாறாது."

அல்லி புரிந்தது என்றாள். இதை எழுதி வைக்கட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். எழுதுங்க என்றாள். கணவன் கையால் முகத்தில் பலமுறை அடிபட்டதாக நோயாளி கூறுகிறார் என்று எழுதி, அவளுக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பச்சை வெளிச்சம் ஊசி ஊசியாகக் கண்ணுக்குள் இறங்கிய அந்தப் பத்து நிமிஷத்தில், வெளியே மணிபாரதி என்ன முகத்தோடு உட்கார்ந்திருப்பான் என்பதைத்தான் அல்லி நினைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் டாக்டரம்மா அவனை உள்ளே கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். இன்னும் ஒரு அடி முகத்தில் விழுந்தால் இவளுக்கு அந்தக் கண் போய்விடும், அப்புறம் எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் வராது. அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். சரிங்க டாக்டர் என்றான்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவன் உட்கார்ந்துகொண்டான். தரங்கம்பாடி தாண்டும்போது, வெளியே பார்த்துக்கொண்டே, "வெளியாளு முன்னாடி என்னய அம்மணமா நிக்க வச்சுட்ட" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கமலாம்பாள் கருவாட்டைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவன் கதவைச் சாத்தினான். இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினான், மடக்கினான், தட்டில் வைத்தான். அல்லி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். முகத்துக்கு எதுவும் வரவில்லை. வெகுநேரம் எதுவுமே வரவில்லை. பிறகு முதுகில் விழுந்தது. படகு கட்டும் நைலான் கயிற்றை இரட்டையாக மடித்து வைத்திருந்தான். முதுகு, இடுப்பு, தொடைப்பின்பக்கம். அவள் சுருண்டு விழுந்து தலை அவன் காலருகே வந்தபோது, அவன் காலாலேயே தலையை ஓரமாக நகர்த்திவிட்டு மறுபடி இடுப்பில் அடித்தான்.

கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கும்போது, "டாக்டரு சொன்னத நான் மீறல, பாத்தியா" என்றான்.

அந்த மாதம் முழுக்க அப்படித்தான் நடந்தது. கத்திரி வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. ஒரு வாரத்தில் மூன்று நாள் அடித்தான். ஒரு நாள் பெட்டியில் ஐஸ் உருகி மீன் கண் வெளுத்துவிட்டது என்பதற்காக அடித்தான். முகத்தில் ஒரு கீறல் கிடையாது. ரவிக்கையின் கைக்குக் கீழே, புடவை மறைக்கும் இடங்களில் எல்லாம் கன்றிப்போயிருந்தது. அரிவாள்மணையில் குந்தி உட்கார முடியாமல் பலகை போட்டு உட்கார்ந்தாள். கமலாம்பாள் குழாயடியில் மகனுடைய புதுப் பெருமை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். டாக்டர் சொன்ன ஒரு சொல்லுக்கு எப்படிக் கட்டுப்படுகிறான், மூஞ்சியில் ஒரு விரல் படுகிறதா பார் என்று.

அதைக் கேட்டுக் குடத்தோடு நின்றபோதுதான் அல்லிக்கு அது உறைத்தது. கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது என்றானே. தெரியாதவன் கழுத்துக்கு மேலே ஒரு அடிகூடத் தவறவிடாமல் எப்படி அடிக்கிறான்? தலையைக் காலால் நகர்த்தி வைக்க எப்படித் தெரிந்தது? தலையை விட்டுவிடு என்றால் விட முடிகிறவனுக்கு முதுகையும் விட முடியும். விட வேண்டாம் என்று அவன் நினைக்கிறான், அவ்வளவுதான். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. பின்னால் நின்றவள் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

ஒரு மாதம் முடிந்த அன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகக் கூடாது என்று அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான், அந்த வாசலை மிதித்தால் காலை முறித்துப்போடுவதாக. அல்லி வழக்கம்போல ஏலத்துக்குப் போய்வந்தாள். கொல்லைப்புறத்தில் ஐஸ் உடைத்தாள். மீனை அடுக்கினாள். தருமபுரத்தில் ஆஸியா பீவி வீட்டில் பெட்டியை இறக்கிவிட்டு அப்படியே பஸ் ஏறுவதாகத் திட்டம். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பையில் வைத்ததைக் கமலாம்பாள் பார்த்துவிட்டாள். கொட்டகைக்கு ஆள் போயிற்று. ஒன்பது மணி இருக்கும், மேற்கே இருந்து கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது, அவன் கொல்லைக்கு வந்து நின்றான். தோளில் வலைக்கயிறு கிடந்தது.

அவன் பக்கத்தில் வந்து, எப்போதும் போல இரண்டு கையையும் அவள் காதுக்குக் கொண்டுவந்தான். அல்லி கண்ணாடியைத் தன் இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு."

"எடுக்க மாட்டேன்."

"எடு அல்லி. உடஞ்சு கண்ணுல குத்திரும்."

"குத்தட்டும்."

அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று இறுகியது. முழங்காலால் விலாவில் இடித்தான். மூச்சு அடைத்தது, கையை விடவில்லை. கடித்தாள், அவன் புறங்கையில் ரத்தம் வந்தது. அவன் விலகிக் கயிற்றை மடித்தான். முதல் அடி தோளில், இரண்டாவது தொடையில். அவள் சுவரில் சாய்ந்து நின்று, விரல் இடுக்கு வழியாக, கண்ணாடி வழியாக, அவனையே பார்த்தாள்.

ஆறு வருஷத்தில் அவன் அடிக்கும்போது அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண் சிவந்து, நரம்பு புடைத்து இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி எதுவும் இல்லை. அறுந்த வலையை மடியில் போட்டு, அடுத்த கண்ணி எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. உதட்டை லேசாகக் குவித்திருந்தான். பார்வை அவள் தோளுக்குப் போயிற்று, அங்கிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு. ஒவ்வொன்றையும் பார்த்து, தேர்ந்து, அடித்தான்.

அல்லி கண்ணாடியை விட்டாள். பக்கத்தில் ஐஸ் உடைக்கிற மரச்சம்மட்டி கிடந்தது. எடுத்த வேகத்தில் அவன் ஓங்கிய கையில் அடித்தாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் முறிகிற சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை, கையைப் பார்த்தான். இரண்டாவது அடி முழங்காலில் விழுந்தது. ஐஸ் தண்ணீரில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். கமலாம்பாள் ஓடிவந்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். அல்லி முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டு மூன்றாம் முறை ஓங்கினாள். அவன் தலை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. நெற்றிப்பொட்டு தெரிந்தது, அதில் ஓடிய பச்சை நரம்பு தெரிந்தது, காதோரம் ஒட்டியிருந்த மணல்கூடத் தெரிந்தது. சம்மட்டி எங்கே இறங்கும், இறங்கினால் என்ன ஆகும் என்பது அவளுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. இறக்கிக் கீழே போட்டாள்.

"எனக்குக் கண்ணு தெரியுது" என்றாள். அவனிடம் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று கமலாம்பாளுக்குப் புரியவில்லை. போலீசில் பிறகு மாமியார் சொன்ன வாக்குமூலத்தில் அந்த வார்த்தையையும் சேர்த்தே சொன்னாள், மருமகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதற்கு அத்தாட்சியாக.

அல்லி பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். மகளிர் காவல் நிலையத்தில் ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேசையில் வைத்து, முதுகைத் திருப்பிக் காட்டினாள். கையை முறித்ததையும் மறைக்காமல் சொன்னாள். அவன் மேல் ஒரு வழக்கு, அவள் மேல் ஒரு வழக்கு. ஊர்ப் பஞ்சாயத்தில் கூப்பிட்டு, இரண்டையும் வாபஸ் வாங்கிக்கொண்டு சேர்ந்து வாழச் சொன்னார்கள். கை முறிந்தவன் ஆறு மாதம் படகு ஓட்ட முடியாதே, அவன் வயிற்றுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். அல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கு நடக்கட்டும் என்று சொல்லி எழுந்து வந்தாள். மண்டபத்தூர் அண்ணன் வீட்டில் பத்து நாள் இருந்தாள். அண்ணி முகம் மாறியதும் ஆஸியா பீவி தன் வீட்டுப் பின்கட்டு அறையைத் திறந்துவிட்டாள்.

ஆடியில் பாண்டிச்சேரிக்குப் போனாள். இந்த முறை கூட வந்தது அஃபீஃபா. உள்திரை ஓட்டை நன்றாக அடைந்திருந்தது. டாக்டரம்மா மறுபடி எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கியபோது அல்லி, தோலைச் சுரண்டுகிற முறையே போதும் என்றாள். கண்ணாடியோடேயே இருந்துவிடலாம், அதிலும் தப்பில்லை என்று அவர் சொன்னார். யோசித்துத்தான் வந்திருப்பதாக அல்லி சொன்னாள். கருகுகிற வாடை அடிக்கும், பயப்படக் கூடாது என்றார்கள். அடித்தது. பயப்படவில்லை.

அடுத்த நாலு நாளும் நரகம். பின்கட்டு ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு அடைத்தும், துளி வெளிச்சம் பட்டால் கண்ணில் ஊசி இறங்கியது. மூடிய இமைக்குள் மணலை அள்ளிப்போட்டு யாரோ தேய்ப்பது போல இருந்தது. கண்ணீர் தலையணையை நனைத்து மெத்தைக்குள் இறங்கியது. அஃபீஃபா மணி பார்த்துப் பார்த்துச் சொட்டு விட்டாள். ஆஸியா பீவி கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினாள். யார் காலடிச் சத்தம் கேட்டாலும் அல்லியின் உடம்பு தானாகச் சுருண்டு முதுகைக் காட்டியது. "நாந்தான் புள்ள, ராத்தா வந்துருக்கேன்" என்று ஆஸியா பீவி வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வரப் பழகிக்கொண்டாள். புண் ஆறும்வரை காப்புக்காகக் கண்ணின் மேல் வைத்திருந்த லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். அப்போதும் எல்லாம் பனி மூடினாற்போலத்தான் இருந்தது. வாரம் வாரமாகத்தான் விலகியது. ஆவணிக் கடைசியில் ஒரு காலையில், எதிர் மாடியில் உலர்ந்த துணிகளின் கிளிப்பு நிறத்தை அல்லி படுத்தபடியே எண்ணிச் சொன்னாள்.

புரட்டாசியில் வியாபாரத்துக்கு இறங்கினாள். ஒரு வாரம் நகரத்துத் துறைமுகத்திலேயே மீன் எடுத்தாள். அங்கே விலை கட்டவில்லை. ஒரு நாள் கிளிஞ்சல்மேட்டுக் கரைக்கே போனாள். கண்ணாடி இல்லாத முகத்தை யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஆறு வருஷம் அவளுக்கு ஏலம் விட்டவரே யாரும்மா புதுசா என்றார். பக்கத்துக் கூடைக்காரி இரண்டு முறை உற்றுப் பார்த்துவிட்டு, நீயா என்று மோவாயைப் பிடித்தாள்.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். நூறடி தள்ளி, கரையேறிய படகின் ஓரத்தில், யாரோடோ பேசிக்கொண்டு பக்கவாட்டில் நின்றான். அந்தத் தூரத்தில் ஒரு ஆளை ஆளாக, வெறும் கண்ணால் பார்ப்பது அவளுக்குப் புதிது. அவன் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. அவள் உடம்பு தானாகச் சுருண்டு முதுகைக் காட்டப் பார்த்தது. கண் சரியானால் இதுவும் போய்விடும் என்று எங்கேயோ நினைத்திருந்தாள் போலிருக்கிறது, போகவில்லை. ஆனால் இடையில் எத்தனை படகு, எத்தனை கூடை, எந்தச் சந்தில் புகுந்தால் ரோடு என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது.

அவன் திரும்பினான். கரையில் அத்தனை பேரும் தடுமாறிய முகத்தை அவன் ஒரு நொடியில் கண்டுகொண்டான். கண்ணாடி இல்லாத அல்லியை அவனைப் போலப் பார்த்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அவனுடைய வலது கை முழுக்க நீளாமல் வளைந்து தொங்கியது. ஒரு எட்டு எடுத்து வைத்தான். அவளைப் பார்த்தான். அவள் தன்னைப் பார்க்கிறாள் என்பதையும் பார்த்தான். எடுத்த கால் அங்கேயே நின்றது.

ஐஸ் லாரி ஒன்று இருவருக்கும் நடுவே உறுமிக்கொண்டு போனது. போன பிறகும் அவன் அதே இடத்தில்தான் நின்றான்.

"சங்கரா எடுக்கிறியாம்மா இல்லையா, வெயில் ஏறுது" என்றார் ஏலக்காரர்.

"எடுக்கிறேன், போடுங்க" என்று அல்லி பெட்டியை நீட்டினாள். மீன் ஒவ்வொன்றாக விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டாள். பெட்டி நிரம்பும் வரை அவன்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.